மச்சான் பிடித்த பலகை

எங்கள் கரையில் முத்துக்குளிப்புக்கு ஓர் ஏற்பாடு சொல்வார்கள். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் நின்று பிடிப்பவன் அவன் மச்சானாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவளின் தாலி நிலைக்கணுமே என்று கண் இமைக்காமல் பிடிப்பான் என்பது கணக்கு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். அத்தோடு மச்சான்களுக்கு வேலை போயிற்று என்றுதான் போன மாதம் வரை நம்பியிருந்தேன்.

மருமகன் சென்னையில் அனிமேஷன் படிக்கிறான். கடைசி வருடப் பாடத்துக்கு, முத்துக்குளிப்பவர் ஒருவரைக் கம்ப்யூட்டரில் அசைய வைக்க வேண்டுமாம். 2014-இல் வந்த ‘கோச்சடையான்’ மாதிரி தனி உடை, பெரிய ஸ்டூடியோ எதுவும் வேண்டாமாம். நாலு வெப்கேம், ஒரு லேப்டாப், இலவச மென்பொருள் போதும். முட்டி எது, முழங்கை எது என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். நடிகர், சங்கு குளித்து ஓய்ந்த என் அத்தான். களம், மொட்டை மாடி. கடல் மட்டும்தான் பாக்கி.

முதல் நாள் நாலு கேமராவையும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் செருகினான். ஒன்று தெரிந்தது, மூன்று கறுப்பு.

“யூஎஸ்பி 2.0-ல நொடிக்கு 480 மெகாபிட்தான் மாமா போகும். சுருக்காத 720 படத்த 30 பிரேம்ல அனுப்புனா, ஒரு கேமராவே 440-அ தின்னுரும்.”

துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டர் ஓட்டியவனுக்கு இது புரியாதா? வேறு வேறு துளைகளில் பிரித்துச் செருகி, படத்தையும் சுருக்கச் சொன்ன பிறகே நாலும் கண் திறந்தன.

கண் திறந்தால் போதாதாம். தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று கேமராக்களுக்கே தெரியாது. அளவு தெரிந்த ஒரு கட்டம்போட்ட பலகையைப் பல கோணங்களில் காட்டினால், கணக்குப் போட்டுக் கண்டுகொள்ளும். மைக்ரோசாப்டில் இருந்த ஜெங்யோ ஜாங் 2000-இல் வெளியிட்ட வழியிலிருந்து வளர்ந்தது இது. இவன் அச்சடித்த பலகைக்குப் பெயர் சாருக்கோ.

“எந்த சாருக்குலே?” என்றாள் அக்கா, புளி கரைத்தபடி.

அட்டையில் ஒட்டினோம். கடற்காற்றின் ஈரத்தில் அப்பளமாக வளைந்தது. தட்டையாக இல்லாவிட்டால் கணக்கே கோணுமாம். கடைசியில் கேரம் போர்டின் முதுகில் ஒட்டி என் கையில் கொடுத்தான்.

“மாமா, சாய்ங்க. இன்னும் சாய்ங்க. ரெண்டு கேமராவுக்கும் ஒரே நேரத்துல தெரியணும்.”

கேரம் போர்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடியைச் சுற்றினேன். எதிர்வீட்டு ஆச்சி கேட்டாள்: “என்ன நேர்ச்சைப்பா?”

அரை மணி சுற்றியதற்கு, பிழை நாலு பிக்சல் என்றது லேப்டாப். ஒன்றுக்குள் வர வேண்டுமாம். குற்றவாளி ஆட்டோபோகஸ். நொடிக்கொரு மூக்குக்கண்ணாடி மாற்றிக்கொண்டு சாட்சி சொல்கிறவனை எந்தக் கோர்ட்டு நம்பும்? அதை அணைத்து மறுபடி சுற்றினேன். 0.6! மருமகன் துள்ளினான். அந்த நேரம் பார்த்து மூன்றாவது கேமராமீது ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. கேமரா மயிரிழை திரும்பியது. மயிரிழை என்றாலும் பலகை முழுச்சுற்று.

மறுநாள் அத்தான் சாரம் கட்டிக்கொண்டு வந்தார். சாரத்துக்குள் முட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல், மென்பொருள் அதைத் தன் இஷ்டத்துக்கு வைத்தது. கால்சட்டைக்கு மாற்றினோம். நாலு கேமராவும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுவதால், ஒரு டார்ச்சை மின்னவிட்டு, அந்த மின்னலை வைத்து நாலு படத்தையும் ஒன்று சேர்த்தான்.

முதல் பலன்: 168 சென்டிமீட்டர் அத்தான் திரையில் 175. காகிதத்துக்குள் அடங்கட்டும் என்று பிரிண்டர் 25 மில்லிமீட்டர் கட்டத்தை 24 ஆகச் சுருக்கியிருந்தது. யாரும் ஸ்கேல் வைத்துப் பார்க்கவில்லை.

“இருக்கட்டும்லே. மாத்தாதே” என்றார் அத்தான்.

பிறகுதான் உண்மையான காட்சி. குளிகல்லுக்குப் பதில் அம்மிக்கல். அதன்மேல் ஒரு காலை வைத்து, மூக்கைப் பிடித்து, அத்தான் மெல்ல அமிழ்ந்து உட்கார்ந்தார். தரையைத் துழாவினார். கயிற்றைச் சுண்டினார். நான் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தேன். அந்தச் சுண்டலில் என்னவோ இருந்தது. ஒரு நொடி எனக்கே மூச்சு முட்டியது.

சாயங்காலம் எல்லோரும் லேப்டாப்பைச் சூழ்ந்தோம். திரையில் இரண்டு குச்சி மனிதர்கள். ஒருவர் குனிந்து எதையோ துழாவுகிறார். இன்னொருவன் நின்றுகொண்டு வெறுங்காற்றை மும்முரமாக இழுக்கிறான்.

“கயிறு எங்கலே?”

“அது மனுச மூட்டத்தான் தேடும் மாமா. கயித்துக்கு மூட்டு ஏது?”

அத்தான் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“சரியாத்தான் எடுத்திருக்கு மாப்ள. நீ பிடிச்சா இப்பிடித்தான் இருக்கும்.”