சமாதானமும் மின்விசிறியும்

பேச்சு வழக்கில் சி.எஸ்.ஐ. என்று சுருக்கமாக வழங்கும் தென்னிந்தியத் திருச்சபை, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நிறுவப்பட்டது. பேராயர் இல்லாமல் சபையே இல்லை என்ற ஆங்கிலிக்கர்களும், பேராயரே தேவையில்லை என்ற பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரும், மெதடிஸ்டுகளும் ஒரே சபையாவதற்கு, 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய மாநாடு தொடங்கி 28 ஆண்டுகள் பேச வேண்டியிருந்தது. அந்த முயற்சியில் முன்னின்றவரும், வெள்ளாளன்விளையில் பிறந்து ஆங்கிலிக்க சபையின் முதல் இந்தியப் பேராயராக உயர்ந்தவருமான வேதநாயகம் சாமுவேல் அசரியா, இணைப்பைக் கண்ணால் காணாமலே 1945-இல் காலமானார். அப்பேர்ப்பட்ட ஒற்றுமை கைகூடிய பிறகும் அதன் உள்ளூர்ச் சபைகளில் தீராமல் நிற்கும் கேள்விகள் சில உண்டு: பிரசங்க வேளையில் மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது, முதல் பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் யார், அசனம் என்னும் சபை விருந்துக்கு ஆடு பிடிக்க எவரை அனுப்புவது என்பன அவற்றுள் தலையாயவை.

சபைக்குள் பூசல் என்பது பிற்காலத்துச் சீரழிவு என்று வருந்துவோர் புதிய ஏற்பாட்டைப் பொறுமையாக வாசித்தவர்கள் அல்லர். எருசலேமின் ஆதிச் சபையில், அன்றாட உணவுப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தபோது, அதைத் தீர்க்க ஏழு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆகவே இன்றைய சபைக் கமிட்டிகளின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அது ஒரு பந்தித் தகராற்றில் போய் நிற்கும். பவுலும் பர்னபாவும், மாற்கு என்னும் இளைஞனை ஊழியப் பயணத்துக்கு அழைத்துச் செல்வதா வேண்டாமா என்பதில் கடுமையாக முரண்பட்டு, ஆளுக்கொரு திசையில் பிரிந்து போனார்கள். பிலிப்பி சபையின் எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்மணிகள் ஒத்துப்போக வேண்டும் என்று பவுல் கடிதத்திலேயே கெஞ்சினார்; அவர்கள் எதற்காகச் சண்டையிட்டார்கள் என்று மட்டும் எழுதவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கூட்டக் குறிப்பை எழுதிப் பழகிய எந்தச் செயலாளருக்கும் இந்த நிதானத்தின் அருமை உடனே விளங்கும்.

தமிழகத்தின் தென்மாவட்டச் சபைகளில் எழும் சச்சரவுகளை இடம், நேரம், பாட்டு, பந்தி, பதவி என ஐந்தாக வகுக்கலாம். உபதேசம் ஆறாவது வகையாக இருந்திருக்க வேண்டும்; ஆனால் திரித்துவத்தைக் குறித்துச் சபையார் இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டதாகச் செய்தி கிடைப்பது மிக அரிது.

முதலாவது, இடம். எந்தக் குடும்பம் எந்தப் பெஞ்சில் அமரும் என்பது எங்கும் எழுதப்படாத சட்டம். பெஞ்சின் முதுகில் ‘அன்னாரின் நினைவாக’ என்று பெயின்டில் எழுதியிருந்தாலோ அது பட்டா. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அறியாமல் அதில் அமர்ந்துவிட்டால் யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்வதில்லை. அந்தக் குடும்பத்துப் பெரியவர் பெஞ்சின் ஓரத்தில் வந்து நின்றபடியே முதல் பாட்டை முழுவதும் பாடி முடிப்பார், அவ்வளவுதான். மின்விசிறிச் சச்சரவும் இடத்தகராற்றின் ஒரு கிளையே. விசிறியின் இறக்கைகளிலும் நன்கொடையாளர் பெயரைத் தீட்டும் வழக்கம் இருப்பதால், வேகமாகச் சுற்றினால் பெயர் தெரியாது, மெதுவாகச் சுற்றினால் காற்று வராது என்ற இரண்டுக்கும் நடுவே, சுவிட்ச் பலகை அருகில் நிற்கும் கோயில்பிள்ளை, அதாவது ஆலயத்தைத் திறந்து பெருக்கி மணி அடிக்கும் பணியாளர், இருபுறத்துக் கைச்சாடைகளையும் பார்த்து முடிவெடுக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு இருக்கும் அதிகாரம் பேராயருக்கும் கிடையாது.

இடத்தகராறு எப்போதும் சிரிப்புக்குரியதாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கத்தோலிக்கரின் வடக்கன்குளம் ஆலயம் 1872-இல் கட்டப்பட்டபோது, வெவ்வேறு சாதியினர் ஒருவரையொருவர் பாராமல் வழிபடும்படி இரண்டு தனிக்கூடங்களாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் சேரும் அமைப்பில் எழுப்பப்பட்டது. நடுவில் இருந்த தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது. பொன் மோதிரக்காரருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டுவதை யாக்கோபின் நிருபம் கண்டித்து அதற்குள் பதினெட்டு நூற்றாண்டுகள் கடந்திருந்தன.

இரண்டாவது, நேரம். துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பிரசங்கித்தபோது, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் என்றும், உயிருடன் மீட்கப்பட்டான் என்றும், அதன் பிறகும் பவுல் விடியும் வரை பேசினார் என்றும் நடபடிகள் 20-ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. நீண்ட பிரசங்கத்தை ஆதரிக்கும் குருமாரும் எதிர்க்கும் சபையாரும் ஒரே சம்பவத்தையே மேற்கோள் காட்டுவது இதன் தனிச்சிறப்பு. பிரசங்கத்தில் தலை கவிழ்ந்தவர்களும் நிமிர்ந்து அமரும் பகுதி ஒன்று உண்டு. அது ஓலை வாசித்தல், அதாவது மணம் புரியவிருப்போரின் பெயர்களை மூன்று ஞாயிறுகளில் அறிவித்து, தடை இருந்தால் தெரிவிக்கும்படி சபையைக் கேட்கும் வழக்கம். பெண்ணின் தகப்பனார் பெயர், ஊர், ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதியான சேகரம் அனைத்தையும் ஒருமுறை கேட்டே மனப்பாடம் செய்யும் சபையாருக்கு, அன்றைய வேதபாடம் எந்த அதிகாரம் என்பது மட்டும் நினைவில் தங்குவதில்லை.

மூன்றாவது, பாட்டு. மேல்நாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளின் தொகுப்பான பாமாலை ஒரு கட்சி. பல்லவி, சரணம் என்று இராக தாளத்தோடு வரும் கீர்த்தனை இன்னொரு கட்சி. திரையில் வரிகள் ஒளிர, கிடாரும் டிரம்சும் முழங்கப் பாடப்படும் புதிய பாடல்கள் மூன்றாம் கட்சி. லெந்து காலத்து உருக்கமான கீர்த்தனையின் நடுவே, கீபோர்டு வாசிக்கும் பையனின் விரல் தவறுதலாக ரிதம் பொத்தானில் பட்டு, சிலுவைப்பாடுகளுக்குத் திடீரெனக் கல்யாண ஊர்வலத் தாளம் சேர்ந்துவிட்டால், அடுத்த ஞாயிறு வரை அந்தச் சபைக்கு வேறு பேச்சு இருக்காது. தாத்தா காலத்துக் கீர்த்தனையே கோயிலுக்கு உரியது என்று வாதிடுவோர் மறப்பது, அந்தக் கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுமையாக உள்ளே வந்தது என்பதை. தஞ்சைச் சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) உள்ளிட்டோரின் பாடல்களை, மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் தொகுத்து அச்சிட்டபோது, இந்த இராகங்களை ஆராதனைக்குள் விடலாமா என்று தயங்கிய மிஷனெரிகள் இருந்தனர். ஆகவே இன்றைய கிடாரும் தாத்தாக்களின் சொத்தாக மாறும் நாள் வரும். அப்போது பேரப்பிள்ளைகள் கொண்டுவரும் கருவியை அது எதிர்த்து நிற்கும்.

நான்காவது, பந்தி. விளைச்சலின் முதற்பலனைக் காணிக்கையாகப் படைத்து, பின் அவற்றை ஏலம் விட்டு ஆலய நிதியில் சேர்ப்பது அறுப்பின் பண்டிகை. கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் கோழிமுட்டை ஒன்று, வரப்புத் தகராற்றில் பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாத இருவர் எதிரெதிரே நின்று கேட்டால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். வென்றவர் பெருந்தன்மையோடு முட்டையைத் திரும்பக் கொடுக்க, அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். பகை தீர வேண்டும் என்று மற்றவர்கள் ஜெபித்தாலும் பொருளாளர் அவசரப்பட மாட்டார். அசனம் என்பது வேறு. அது தலைக்கட்டு வரி, அதாவது குடும்பக் கணக்கில் பிரிக்கும் தொகை கொண்டு சமைத்து, செல்வர் ஏழை என்ற பேதமின்றிச் சபை முழுவதும் ஒரே பந்தியில் உண்ணும் பொது விருந்து. கருத்தளவில் இதைவிட உயர்ந்த ஏற்பாடு கிடையாது. நடைமுறையில், கறி முன்பந்தியோடு முடிந்து பின்பந்திக்கு எலும்பும் குழம்பும் மட்டும் எஞ்சுவதும், சாப்பிட்டு எழுந்தவரே தூக்குவாளியுடன் சமையல் கொட்டகையின் பின்பக்கம் காணப்படுவதும், கொரிந்து சபையில் சிலர் முந்தி உண்டதால் மற்றவர்கள் பசியோடிருந்தனர் என்ற பவுலின் குறையை நினைவூட்டுகின்றன.

இந்த நான்கு வகைக்கும் திருச்சபை ஒரு மருந்து வைத்திருக்கிறது. 1950-இல் வெளியான சி.எஸ்.ஐ. நற்கருணை ஆராதனை முறை, ஆதிச் சபையின் சமாதான வாழ்த்தைக் கைகோத்தலாக மீட்டெடுத்தது. குருவானவர் தொடங்கும் சமாதானம் கையிலிருந்து கைக்குப் பெஞ்சு பெஞ்சாகக் கடைசி வரிசை வரை செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சொத்துப் பிரிவினையில் மனம் முறிந்த அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் இருந்தால், இருவருக்கும் நடுவில் ஒரு பேரக்குழந்தை முன்கூட்டியே உட்கார வைக்கப்படும். சமாதானம் அண்ணனிடமிருந்து குழந்தைக்கும், குழந்தையிடமிருந்து தம்பிக்கும் எவ்விதச் சேதாரமும் இன்றிப் போய்ச் சேரும். கண்டிப்பாகப் பார்த்தால் இது ஏய்ப்பு; ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து வேலைக்காக வெளியூர் போன பிறகு, வேறு வழியின்றி இருவரும் நேராகக் கை கொடுத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு.

ஐந்தாம் வகையான பதவிக்கு இந்த மருந்து பிடிப்பதில்லை. பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த மிஷனெரி ரேனியஸ், ஆங்கிலிக்க சபையின் ஒழுங்குகளோடு முரண்பட்டதால் 1835-இல் சி.எம்.எஸ். என்னும் மிஷனெரிச் சங்கத்தால் நீக்கப்பட்டார். உபதேசியார் பலர் அவர் பக்கம் நிற்க, திருநெல்வேலிச் சபை இரண்டுபட்டது. நாசரேத் வட்டாரத்தில் அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை மிஷனெரியோடு மோதி விலகி, 1857-இல் வெள்ளைக்காரர் தலைமையை ஏற்காத, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் தனிச் சபையைத் தொடங்கினார். அவற்றில் கொள்கை இருந்தது, தன்மானமும் இருந்தது. இன்றைய திருமண்டலத் தேர்தல்களில், அதாவது பல சேகரங்கள் அடங்கிய பேராயரின் ஆட்சிப் பகுதிக்கு நிர்வாகிகளைத் தெரிவு செய்யும் வாக்கெடுப்புகளில், பெரும்பாலும் அணிகளே இருக்கின்றன. ‘சங்கம்’ எனப்படும் சபைச் சந்தாவைக் கட்டாதவருக்கு வாக்கு இல்லை என்பதால், ஆண்டுக்கணக்கில் ஆலயப் பக்கம் வராதவர்களின் பாக்கியும் தேர்தல் நெருங்கும் மாதத்தில் எவராலோ தீர்க்கப்பட்டுவிடுகிறது. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காட நீதிமன்றம் போவதைக் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் 6-ஆம் அதிகாரத்தில் பவுல் கண்டித்திருந்தும், சில திருமண்டலங்களின் தேர்தலை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதியை நீதிமன்றம் நியமிக்கும் அளவுக்கு வழக்குகள் பெருகின.

சிறிய சச்சரவுகள் சபைக்கு நடுவில், எல்லார் கண்ணெதிரிலும் நடப்பதால் அடுத்த பண்டிகைக்குள் ஆறிவிடுகின்றன. பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், நிலங்கள் ஆகியவற்றின் பொறுப்பைத் தீர்மானிக்கும் பெரிய சச்சரவுகளோ சபையார் பார்க்காத இடத்தில் நடப்பதால் தலைமுறை தாண்டியும் நீள்கின்றன. மின்விசிறியின் வேகத்தைக் கவனிக்கும் கூர்மையில் பாதியை நிதிநிலை அறிக்கையின் மீது செலுத்தினாலே ஐந்தாம் வகையின் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை ஆராதனைக்குப் பின் சபைப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. அடுப்பில் கொதிக்கும் குழம்பை நினைத்து ஆசீர்வாதம் முடிந்ததும் வாசலுக்கு விரையும் அன்பர்கள், அந்த ஒரு ஞாயிறாவது கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து கேட்டு, புரியாத தொகைக்கு ரசீது கேட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டும்.