ஆனையைக் காணாத ஆனைகொண்டான்

பேத்திக்கு ஆங்கில டியூசனில் ஒரு வீட்டுவேலை: ‘அனகொண்டா’வை அசை பிரித்து, சொல் எங்கிருந்து வந்ததென்றும் எழுத வேண்டும். அ-ன-கொண்-டா, நாலு அசை, அழுத்தம் மூன்றாவதில் என்று நான் பெரிய வாத்தியார் கணக்கில் தொடங்க, வேலிக்கு அங்கால் நின்ற பக்கத்து வளவு அண்ணை இடையில் பூந்தார்.

“ஆனையைக் கொண்டது ஆனைகொண்டான். இதுக்கு என்னத்துக்கு டியூசன்?”

முதல் நாள் இரவுதான் ஆனை வந்து அவருடைய பதினொரு வாழையை முடித்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் ஓமந்தையில் சொல்லாராய்ச்சி அந்த மனநிலையில்தான் நடக்கும்.

ஆனாலும் அவர் சொன்னதில் விசயம் இருந்தது. ‘ஒன்று’ நமக்கு ஒண்டு, ‘கன்று’ கண்டு, ‘கொன்றான்’ கொண்டான். தமிழ்நாட்டார் வாயில் விழுந்திருந்தால் பாம்பு ‘அனகொன்னா’ ஆகியிருக்கும். 1886 இல் வந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதியிலும் இந்த ஆனைக்கதை இருக்கிறது.

ஆனால் மூலச்சொல்லாகச் சிங்கள ‘ஹெனகந்தயா’வுக்குத்தான் ஆதரவாளர் கூட. அதுவோ விரல் மொத்தத்தில் மரத்தில் தொங்கும் பச்சைப் பாம்பு! 1693 இல் ஜோன் ரே என்ற ஆங்கிலேயர், லெய்டன் அருங்காட்சியகப் பாம்புப் பட்டியலில் இருந்து, ‘அனகந்தாயா’ என்று இலங்கையர் சொல்லும் பாம்பு எருமைகளை நொறுக்கும் என்று எழுதிவைத்தார். 1768 இல் ஸ்கொட்லாந்துச் சஞ்சிகை ஒன்றில் இன்னொருவர், இலங்கையில் அது புலியை நெரித்துக் கொன்றதை நேரில் கண்டதாகவே அளந்தார். இலங்கைக் காட்டில் புலி ஏது? (ஓமந்தையில் நின்று இதைச் சொல்வதால் விளக்கிவிடுகிறேன்: நான் சொல்வது நாலுகால் புலியை.)

கடைசியில் பெயர் தென்னமெரிக்கா போய், உலகத்திலேயே பாரம் கூடிய பாம்பில் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு வெயிலில் காய்ந்த எங்களுக்கு, ஒரு பத்திரமும் இல்லாமல் கடல் தாண்டிய அந்தச் சொல்லில் கொஞ்சம் பொறாமைதான்.

“அங்கை ஆனை இருக்கோ?” என்றார் அண்ணை.

“இல்லை.”

“பிறகு அது ஆரைக் கொண்டது? இஞ்சை ஒண்டு கொண்டுவந்து விடச் சொல்லுங்கோ.”

இங்கே அவருக்குத் தெரிந்த பெரிய பாம்பு வெங்கிணாந்தி. அது மானுக்கு மேல் ஆசைப்படாது.

அன்றிரவும் ஆனை வந்தது. அண்ணை டோர்ச்சோடு வேலியடிக்குப் போய், நாலு அசையையும் அழுத்தம் பிசகாமல் கத்தினார். ஆனை காதை ஒருதரம் ஆட்டிவிட்டு, மிச்ச வாழைக்குப் போனது.

பிறகு யானைவெடிதான் கொளுத்தினோம்.