தாத்தன் சேத்து வச்ச சொத்து

ஏலே பேராண்டி, இங்கன வா. அந்தச் செல்போனக் கட்டில்ல கவுத்திப் போட்டுட்டு உக்காரு. ப்ளஸ் டூ ரிசல்ட்டு வந்து பத்து நாளாச்சு. கணக்குல 84, பிசிக்ஸுல 76, கெமிஸ்ட்ரியில 82. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கியா? பால் ஊத்துதவன் சொன்னான். ஒங்கம்மா ஊருபூரா சொல்லிட்டா. அடுத்து என்ன செய்யப்போறியன்னு கேட்டா மட்டும் அப்பனும் மகனும் கொடைக்கு வந்து தொலஞ்ச பிள்ளைக மாதிரி முழிக்கிய.

நான் மூணாப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அம்புட்டுத்தான். இவன் என்ன காலேஜப் பத்திப் பேசன்னு ஒனக்குச் சிரிப்பு வருது. சிரி. போன வருசம் கெழக்குத் தெரு பிள்ளைக்குத் துணைக்கு ஆளில்லன்னு பொறியியல் சேர்க்கை மையத்துக்கு நாந்தாம்லே போனேன். மூணு நாளு அந்தப் பெஞ்சுலயே கெடந்தேன். வெத்தல போட்டா துப்ப எடமில்ல. வாய் சும்மா கெடந்தா காதுக்குத்தான சோலி? எல்லாம் அங்கன கேட்டதுதான்.

சந்தைக்குப் போகுமுன்ன நம்ம உருப்படி என்ன எடைன்னு தெரியணும். கணக்கு முழுசா 84. பிசிக்ஸுல பாதி 38, கெமிஸ்ட்ரியில பாதி 41. கூட்டிப் பாரு, 200-க்கு 163. இதாம்லே ஒன் கட் ஆஃப். தமிழுல 96-ன்னு மீசைய முறுக்குதியே, இல்லாத மீசைய, அந்த 96 இந்தத் தராசுல ஏறாது. ஆனா 163 வாங்கினவன் நீ ஒருத்தன் மட்டுமில்ல, கொள்ளப்பேரு நிப்பான். அப்ப கணக்கப் பாப்பான், பிசிக்ஸப் பாப்பான், மொத்த மார்க்கப் பாப்பான், பத்தாப்பு மார்க்கக்கூடத் தோண்டிப் பாப்பான். அதுலயும் சமம்னா பொறந்த தேதியப் பாத்து மூத்தவனுக்கு முன்னுரிமையாம். வயசுக்கு மரியாத குடுக்க எடம் இன்னும் ஒண்ணு மிச்சமிருக்குன்னு கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அதுலயும் சமமாப் போனா பத்து எலக்க நம்பரு ஒண்ணு. கம்ப்யூட்டரே குலுக்கிப் போட்டுக் குடுக்கும்.

ஒங்கப்பன் காலத்துல இதுக்கு மேல நுழைவுத் தேர்வு வேற இருந்துச்சு. 1984-ல கொண்டாந்தாக, 2006-ல சட்டம் போட்டு எடுத்தாக. டவுனுக்குக் கோச்சிங்கு போகணும்னு கேட்டான். உழவு மாட்ட வித்துத் தாரேன்னு சொல்ல எனக்கு அன்னைக்கு வாய் வரல. சரி, அத விடு.

இப்ப ஒன் தாத்தன் ஒனக்குச் சேத்து வச்ச சொத்தச் சொல்லுதேன், கேளு. முதல் பட்டதாரிச் சான்றிதழ்னு ஒண்ணு இருக்கு. குடும்பத்துல ஒருத்தரும் பட்டம் வாங்கலன்னா ஒனக்குப் படிப்புக் கட்டணத்துல சலுகை. பாரத்துல அப்பன், ஆத்தா, அண்ணன், அக்கா மட்டுமில்ல, தாத்தன் பாட்டி படிப்பையும் கேப்பான், ரெண்டு பக்கத்துலயும். அன்னைக்கு வாத்தியாரு பெரம்ப எடுத்ததும் நான் கம்மாக்கர வழியா ஓடுனேம்லா, யாருக்காக ஓடுனேன்னு நெனச்ச? ஒனக்காக ஓடுனேம்லே! நான் மட்டும் கூறுகெட்டுப்போயி ஒரு பி.ஏ. படிச்சிருந்தா இன்னைக்கு ஒனக்கு அந்தச் சலுகை கெடைக்குமா? ஒங்காச்சி பங்கும் இதுல உண்டு. அவ பள்ளிக்கூடப் பக்கமே போகாம தியாகம் பண்ணியிருக்கா.

ஒங்கப்பன் சேத்து வச்ச சொத்தையும் சொல்லணும்ல? ஆறாப்புல ஒன் கழுத்துல டையக் கட்டி, மஞ்ச வேன்ல ஏத்தி, டவுனு இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். ரெண்டு வருசம். பீஸ் கட்டி மாளாம எட்டாப்புல திரும்ப நம்மூரு சர்க்கார் பள்ளிக்கூடத்துலயே கொண்டாந்து விட்டான். ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் சர்க்கார் பள்ளிக்கூடத்துலயே படிச்ச பிள்ளைகளுக்கு ஏழரை சதவீத ஒதுக்கீடு, இஞ்சினியரிங்குக்கு 2021-லருந்து இருக்கு. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டும். மாசம் 1000 ரூபா தமிழ்ப் புதல்வன் பணம் தனி. அம்புட்டும் அந்த ரெண்டு வருச டையோட போச்சு. அந்த டை இன்னும் ஆணியிலதான் தொங்குது. கண்ணுக்குட்டிக்குத் தும்பாக் கட்டலாமான்னு பாக்கேன்.

அதனால முதல் பட்டதாரிதான் நம்ம கையில இருக்க ஒரே சீட்டு. அதுவும் கவுன்சிலிங் வழியாப் போனாத்தான் செல்லும். ஒங்க மாமன் நேத்து வந்து மேனேஜ்மெண்ட் கோட்டா, ஆளு தெரியும், பேசி முடிச்சிரலாம்னு காதக் கடிச்சாம்லா? மாட்டுச்சந்தையில துண்டப் போட்டு மூடி உள்ள வெரலப் பிடிச்சு வெல பேசுவோம்ல, அதே யாவாரந்தான். என்ன வித்தியாசம்னா, சந்தையில வாங்கினவன் மாட்ட ஓட்டிட்டு வருவான். இங்க காசையும் குடுத்துட்டு மாட்டையும் விட்டுட்டு வரணும். துண்டுக்கு அடியில போனா சலுகையும் கெடையாது. தாத்தன் ஓடுன ஓட்டம் வீணாப்போகும்.

பதிவுக் கட்டணம் 500 ரூபா, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. சாதிச் சான்றிதழத் தேடி வையி. இருப்பிடச் சான்றிதழுக்கு ஒங்கப்பன் ரெண்டு நாளு ஆபீசு வாசல்ல நின்னுட்டு வந்தான். எட்டுலருந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ்நாட்டுலயே படிச்சவனுக்கு அது வேண்டாம்லே. நான் சொல்லியிருப்பேன், அவன் கேக்கல. வெயில்ல நின்னா நாலு மனுசனத் தெரியும்னு நானும் விட்டுட்டேன்.

ஆனா ஒண்ணு. பிரவுசிங் சென்டர்காரன்ட்ட எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிராத. போன வருசம் ஒரு பயலுக்கு அந்தக் கடைக்காரன் தன் போன் நம்பரையே போட்டு வச்சிட்டான். ஓடிபி கடைக்காரனுக்கு வருது, கடைக்காரன் திருச்செந்தூருல மொட்ட போட்டுட்டு இருக்கான், இவன் இங்க பூட்டுன கட வாசல்ல நிக்கான். ஒன் நம்பரு, ஒன் பாஸ்வேர்டு. சேர்க்கை மையத்துக்குப் போனா காசு வாங்காம அவுகளே பதிஞ்சு குடுப்பாக.

இனி காலேஜ். போன வாரம் ரெண்டு பஸ் மாறி நான் எங்க போனேன்னு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. ஒங்கப்பன் ஒரு பளபளப்புப் புஸ்தகத்தத் தலகாணிக்கு அடியில வச்சிருக்காம்லா, அட்டையில ஒரு வெள்ளக்காரன் சோதனைக் குழாயப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிப்பானே, அந்தக் காலேஜுக்குத்தான். பேரு வேண்டாம். மாடு வாங்கப் போறவன் பல்லப் பிடிச்சுப் பாக்க வேண்டாமா? வாசல்ல காவக்காரரு, 'என்ன பெருசு?'ன்னாரு. பின்னால புல்லு நெறையக் கெடக்கே, ஆடு மேய்க்க விடுவியளான்னு கேட்டேன். அவரு நல்ல மனுசன், கூடவே நடந்து வந்து காட்டுனாரு. 'கெமிஸ்ட்ரி லேப்புக்குப் பின்பக்கமா விடுங்க பெருசு, அங்கன ஆள் நடமாட்டமே கெடையாது'ன்னாரு. போயிப் பாத்தேன். லேப்புக் கதவுப் பூட்டுல துரு ஏறி, சாவித் தொவாரத்துல கொளவி கூடு கட்டியிருந்துச்சு. அந்த வெள்ளக்காரனையும் தேடிப் பாத்தேன், ஆளக் காணும். வெளிய டீக்கடையில நாலு பயலுக. நூறு சதவீத வேலன்னு போர்டுல போட்டிருக்கேன்னு கேட்டேன். டீயப் புரையேத்திக்கிட்டானுக.

நீ அம்புட்டுத் தூரம் போக வேண்டாம். எந்தக் காலேஜுல எத்தன சதவீதம் பாஸுன்னு ஒவ்வொரு பரீட்சைக்கும் அண்ணா பல்கலைக்கழகம் பட்டியல் போடுது. போன வருசம் எந்த மார்க்குக்கு எந்த எடம் போச்சுங்கிறதும் சேர்க்கைத் தளத்துலயே கெடக்கு. ரீல்ஸ் பாக்க நேரத்துல பாதி போதும்.

அப்புறம் வரிசை எழுதுத சோலி. இதுலதாம்லே ஊரே கூடி ஒன்னக் கோட்டி ஆக்கும். ஒங்கப்பன் கம்ப்யூட்டர் சயின்ஸுங்கான். மாமன் ஏ.ஐ.ங்கான். மாமன்ட்ட ஏ.ஐ.ன்னா என்னன்னு கேட்டேன், எதுத்த வீட்டுப் பய படிக்கான்னு சொன்னான். கம்ப்யூட்டரு கெட்டதுன்னு நான் சொல்ல வரல. ஆனா கெணத்து மோட்டாரு ஓடலன்னா நீ சோறு தண்ணியில்லாம ஸ்டார்ட்டரப் பிரிச்சுப் போட்டு உக்காந்துக்கிடுத. அதே ஒன்ன கம்ப்யூட்டர் முன்னால உக்கார வச்சா பத்து நிமிசத்துல கொட்டாவி விடுத. கரண்டு சம்பந்தப்பட்ட படிப்பு ஒண்ணு இருக்காமே, டிரிபிள் ஈயின்னு. எனக்கு இதுல சுயநலம் ஒண்ணும் கெடையாது. போன மாசம் காயில் கட்ட மெக்கானிக்கு எம்புட்டு வாங்கினான்னு மட்டும் ஒருக்கா நெனச்சுக்கோ.

எத்தன காலேஜ் வேணாலும் எழுதலாம், கணக்கில்ல. ஒன் மொற வரயில மிசினு மேலருந்து கீழ பாத்துட்டு வரும். மொதல்ல எது காலியா இருக்கோ அதக் குடுத்துரும். கெடைக்காதத மேல எழுதினா கெடைக்கிறதும் போயிரும்ங்கான் மாமன். போகாது. கிண்டி காலேஜ், 1794-ல வெள்ளக்காரன் நெலம் அளக்க ஆள் வேணும்னு சர்வே பள்ளிக்கூடமா ஆரம்பிச்சானே, அதுக்கு நம்பரே ஒண்ணு. ஆசையா இருந்தா அதையே மொதல்ல எழுது. 163-க்குக் கெடைக்காது, ஆனா எழுதினதுக்கு ஒருத்தனும் அபராதம் போட மாட்டான். அதுக்குக் கீழ திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, மத்தது எல்லாம் ஒன் இஷ்ட வரிசையில எழுது. சேரவே மாட்டேன்னு நெனைக்க காலேஜ மட்டும் எழுதிராத. கெடச்சிரும். நம்பரப் பாத்து எழுது. ஒரே சாமி பேருல நாலு காலேஜ் இருக்கு, சாமி ஒண்ணுதான், ஊரு வேற.

எடம் வந்த பொறவு ரெண்டு நாளைக்குள்ள பதில் சொல்லணும். அதுல ஒரு பதிலு இருக்கு பாரு, 'இத ஏத்துக்கிடுதேன், ஆனா மேல எழுதினது வந்தா மாறிக்கிடுதேன்'னு. பொண்ணு பாக்கப் போன எடத்துல நான் இப்படிச் சொல்லியிருந்தா ஒங்காச்சியோட அண்ணன்மாரு வேட்டிய உருவிக்கிட்டு அனுப்பியிருப்பானுக. கவுன்சிலிங்குல அதுக்குன்னே பொத்தான் வச்சிருக்கான். கூச்சப்படாம அமுக்கு. மேல கெடச்சா கீழ உள்ளது தானாப் போயிரும், ரெண்டையும் வச்சுக் குடும்பம் நடத்த முடியாது.

அரசு கலைக்கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையி, பிசிக்ஸுக்கு. செலவு கம்மி.

கலாம் எம்.ஐ.டி.யில சேர அவரு அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சாகன்னு எவனோ சொன்னதுலருந்து ஒங்கம்மா கழுத்தத் தடவிக்கிட்டே திரியுதா. அவளப் போயி நிம்மதியாச் சோறாக்கச் சொல்லு. சனிக்கெழம எட்டயபுரம் ஆட்டுச்சந்தை. அந்த ரெண்டு கெடாவையும் கொண்டு போறேன், கயித்தப் பிடிக்க நீயும் வா. ஒங்கப்பன்ட்ட இப்பச் சொல்லாத, அவன் என்னமாவது பேசுவான்.

தாசில்தார் ஆபீசு பாரத்த இன்னைக்கே எழுதிரு. எம்பேருக்கு நேரா மூணாப்புன்னே போடு. தாத்தனாச்சேன்னு மரியாதைக்கு ஒரு வகுப்பு ஏத்தி எழுதிராத.