என்ஜின் ஆயிலின் உண்மை விலை: புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து ஒரு விசாரணை

ஏகபோகம் வந்தால் விலை ஏறும் என்பது பொருளாதாரப் பாடத்தின் முதல் பக்கம். அதை நம்பி எண்பதுகளின் விலைப்பட்டியலைத் தேடிப் போகும் ஆய்வாளர் வெறுங்கையோடு திரும்புவார். எண்ணெய் நிறுவனங்களான எஸ்ஸோ 1974இலும் பர்மா ஷெல் 1976இலும் அரசுடைமையாயின. என்ஜின் ஆயிலுக்கு மூலமான பேஸ் ஆயிலை இறக்குமதி செய்யும் உரிமை தொண்ணூறுகளின் தொடக்கம்வரை இந்தியன் ஆயில் கையில் இருந்தது. அந்நாளில் தனிரக கார் ஆயில் வில்லியனூரில் என்ன விலை என்று கேட்பதிலேயே பொருளில்லை. 'ஸ்டாக் இல்லை' என்பதை எந்தப் புள்ளியியல் துறையும் ரூபாயில் பதிந்ததில்லை. ஆகவே என் கருதுகோள் இது: ஏகபோகம் விலையை ஏற்றுவதில்லை, தேவையை ஒழிக்கிறது. பில் மட்டும் வேறிடத்துக்குப் போகிறது.

சான்று சாலையிலேயே ஓடியது. அம்பாசடரும் பத்மினியும் ஐம்பதுகளின் வடிவமைப்பு. கிடைக்கிற ஆயிலைக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் குடிக்கும், கொடுத்ததற்கு மேலும் குடிக்கும். தனிரக ஆயில் கேட்கும் காரே ஊரில் இல்லாதபோது தனிரக ஆயில் எதற்கு? ஆயில் இல்லாததால் கார் வரவில்லையா, கார் வராததால் ஆயில் வரவில்லையா என்ற கேள்வியை அடுத்த முனைவர் பட்ட மாணவருக்கு விட்டுவைக்கிறேன். 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகுதான் ஆயில் டின்னில் அச்சிட்ட எண்களைப் படிக்கும் வழக்கமே பரவியது. அதுவரை மிச்சமான காசெல்லாம் என்ஜினை இறக்கி, ரிங் மாற்றி, போர் பண்ணும் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆயில் செலவு மெக்கானிக் கூலி என்ற பெயரில் எழுதப்பட்டதால் ஆய்வாளர்கள் கண்ணில் படவில்லை.

இண்ட்ரால் என்ற பெயரில் இயங்கிய காஸ்ட்ரால் தனியார்தானே, போட்டி இருந்ததே என்பார்கள். டின் அவர்களுடையது, உள்ளே ஊற்ற வேண்டிய பேஸ் ஆயிலுக்கு அவர்களும் அரசு வாசலில்தான் நின்றார்கள். புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூரில் பம்புசெட்டுகள் அதே ஆயிலில் ஓடி நெல் விளையவில்லையா என்பது கனமான மறுப்பு. விளைந்தது. ஆனால் பம்புசெட்டு ஒரே வேகத்தில் ஒரே இடத்தில் நின்று ஓடுவது. அதன் பொறுமையைக் காருக்கு இலக்கணமாக்குவது முறையல்ல. அதற்குப் போட்டுக் கழித்த வேஸ்ட் ஆயில் கரையானுக்கும் கதவுக் கீலுக்கும் மறுபிறவி எடுத்ததையும் கணக்கில் சேர்த்தால், ஏகபோகத்துக்குக் கொஞ்சம் வரவுகூட வைக்கலாம். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

என் கருதுகோளைச் சோதிக்கப் புதுச்சேரி-தமிழ்நாடு எல்லையைவிட நல்ல ஆய்வகம் வாய்க்காது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால் கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மறுபடி புதுச்சேரி. புதுச்சேரிக்கு இந்தியாவோடிருந்த சுங்க ஒன்றியம் 1949இல் முறிந்து, 1954இல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைக்கும்வரை இந்த எல்லை வளைவுகளில்தான் சுங்கக்காரர்கள் காவல் நின்றார்கள். ஏகபோகம் போன பிறகு இங்கே இருபுறமும் டின்னின் விலையை ஒப்பிட்டாலே போதும் என்றிருந்தேன். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்து என்ஜின் ஆயிலுக்கு இரு பக்கமும் 18 விழுக்காடு என்று சமன்செய்துவிட்டது. பெட்ரோலும் சாராயமும் அதற்குள் அடங்கவில்லை. எனவே கடலூர் வண்டிகள் இன்றும் ரெட்டிச்சாவடியைத் தாண்டி, விலை குறைந்த புதுச்சேரிப் பக்கம் வந்து டேங்கை நிரப்புகின்றன. ஆயிலை ஊரிலேயே மாற்றிக்கொள்கின்றன.