ரீரன் அண்ணன்

ஓ.எம்.ஆர். பக்கத்து மென்பொருள் அலுவலகங்களில் மாடிக்கு ஒருவராவது இருப்பார். நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் தோற்றுச் சிவந்துவிட்டது என்று யாராவது பதறி ஓடினால், கையிலிருக்கும் டீ கப்பைக்கூடக் கீழே வைக்க மாட்டார். "ஒண்ணும் இல்ல தம்பி, ரீரன் குடு." மறுபடி ஓடவிட்டால் பச்சை. அண்ணன் கைராசிக்காரர் என்று பெயராகிவிட்டது.

ரீரனுக்கும் மசியாத டெஸ்ட்டுக்கு இரண்டாவது மருந்து, ஸ்லீப். நோய் என்னவோ பந்தி நோய்தான். இலை போடுகிறவர் ஒருவர், சாம்பார் வாளியோடு வருகிறவர் இன்னொருவர். வாளி முந்திவிட்டால் சாம்பார் மேஜை விரிப்பில். திரையில் பொத்தான் வருவதற்குள் டெஸ்ட் அதை அழுத்தப் பாய்வதும் இதே கூத்துதான்; ரேஸ் கண்டிஷன் என்பார்கள். இலை விழுந்ததா என்று பார்த்து ஊற்றச் சொல்ல வேண்டும். அண்ணனோ, "வாசல்லயே அஞ்சு நொடி நின்னுட்டு வா" என்பார். இலைக்காரர் அன்றைக்கு அசந்துவிட்டால், ஆறாவது நொடியில் விரிப்பு மறுபடி நனையும். உடனே பத்து நொடி ஆக்குவார். 400 டெஸ்ட்டுகள் ஆளுக்கு ஐந்து நொடி தூங்கினாலே 33 நிமிடம் போய்விடும். அதற்குள் மொத்த டீமும் கீழே போய் பஜ்ஜி தின்றுவிட்டு வரலாம் என்பதால் பெரிய எதிர்ப்பு கிளம்பவில்லை.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மட்டும், இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வைக் கொண்டுவந்தாள். அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களில் இப்படிச் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி ஆடுகிற டெஸ்ட்டுகளைத் திருத்திய கதையை அலசியிருந்தார்கள். ஏறத்தாழ 45 சதவீதம் இந்தக் காத்திருப்புக் கோளாறுதான். "பாத்தியாம்மா, உலகம் பூரா நம்மாளுங்க!" என்று அண்ணன் பூரித்துப்போனார். அவற்றில் பாதிக்கு மேல் சரியானது இலையைப் பார்க்கப் பழக்கியதால்தான் என்று அவள் சொல்ல வந்தபோது, அவருக்கு போன் வந்துவிட்டது.

போன மாதம் பணம் கட்டும் பக்கத்து டெஸ்ட் ஒன்று சிவந்தது. ரீரன், பச்சை, வெளியீடு. ஆனால் அன்றைக்கு முந்திக்கொண்டு ஓடியது டெஸ்ட் இல்லை, எங்கள் நிரலேதான். பொத்தானை யாராவது அவசரத்தில் இரண்டு தரம் தட்டினால், இரண்டு கோரிக்கைகளும் 'இன்னும் கட்டவில்லை' என்று ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு, தனித்தனியாகப் பணத்தைப் பிடித்துக்கொண்டன.

சப்போர்ட் பையன் மூச்சிரைக்க வந்தான். "கஸ்டமர் லைன்ல கத்துறார் அண்ணா, என்ன சொல்றது?"

அண்ணன் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"ஒண்ணும் இல்ல தம்பி. இன்னொரு தடவை அமுக்கிப் பாக்கச் சொல்லு."