ஞாயிறு எத்தனை மணிக்குத் தொடங்கும்?

தவக்காலத்தில் திருச்சபை என்னைப் போன்றவனிடம் கேட்பது மிகவும் கொஞ்சம். கட்டாய நோன்பு இரண்டே நாள்: விபூதிப் புதன், பெரிய வெள்ளி. அன்றும் ஒரு நேரம் வயிறாரச் சாப்பிடலாம். மற்ற இரண்டு நேரமும் சேர்த்து ஒரு முழுச் சாப்பாட்டை எட்டாதபடி எதையாவது கடித்துக்கொள்ளலாம். விபூதிப் புதனிலும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சி ஆகாது. அவ்வளவுதான். பாப்பரசர் ஆறாம் பவுல் 1966இல் பழைய கெடுபிடிகளைத் தளர்த்திய பிறகே நான் பிறந்தேன். அதற்கு நன்றி சொல்லாத நாளில்லை. இவ்வளவு சலுகைக்குள்ளும் இன்னொரு சலுகை தேடுகிறவன் களுதாவளையில் ஒருவன் உண்டென்றால், அது நான்தான்.

பெண்பிள்ளைக்கே வீடு கொடுக்கிற மட்டக்களப்பு வழக்கப்படி, கலியாணம் முடித்து இங்கே வந்து சேர்ந்தவன் நான். வீடு மனைவியுடையது, அடுப்பு மாமியுடையது. இருவரும் சுயம்புலிங்கப் பிள்ளையாரின் ஆட்கள். மாமி கந்தசஷ்டி ஆறு நாளும் இந்த வயதிலும் விரதம் பிடிப்பா. முழுச் சாப்பாடு எது, அரைச் சாப்பாடு எது என்று யாரும் அவவுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்ததில்லை. நான் நோன்பு நாளில் பிட்டை அளந்து வைக்கும்போது அவ பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பட்டினியே கிடந்துவிடலாம். கிடக்கத்தான் மாட்டேன்.

விபூதிப் புதனுக்குப் பக்கத்து ஊரான தேற்றாத்தீவு யூதாததேயு திருத்தலத்துக்குப் போவேன். அன்றைய நற்செய்தி மத்தேயு ஆறாம் அதிகாரம்: நோன்பிருந்தால் ஊருக்குக் காட்டாதே, தலைக்கு எண்ணெய் பூசு, முகத்தைக் கழுவு. வாசித்து முடிந்ததும் போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பலை எங்கள் நெற்றியில் சிலுவையாகப் போட்டு அனுப்புவார்கள். இரண்டில் எதற்குக் கீழ்ப்படிவது என்று நான் அதிகம் யோசிப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் போனால் ஹெல்மெட் சாம்பலை அழித்துவிடும் என்பதற்காகவே அன்று சைக்கிளில்தான் பயணம். ஆனால் காலையில் குளித்ததும் ஊரே திருநீறு பூசுகிற இடத்தில் என் சாம்பலை யார் மதிப்பார்? தேத்தண்ணிக் கடையில் ஒருவர்தான் கவனித்தார். “என்னண்ணே, அடுப்பூதினீங்களா? நெத்தியெல்லாம் கரி” என்றார்.

இறைச்சி விலக்குக்கு வருவோம். சட்டம் தடுப்பது இறைச்சியை மட்டும்; மீனைத் தடுக்கவில்லை. சட்டம் எழுதியவர்கள் மட்டக்களப்பு வாவியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே நாங்கள். முருங்கையிலை போட்ட நண்டுக் கறியும் இறால் பொரியலும் ஒறுத்தல் ஆகுமென்றால், அப்படிப்பட்ட ஒறுத்தலை வருடம் முழுக்கச் செய்ய நான் தயார். இதை விளக்கமாக எடுத்துச் சொன்னபோது மாமி ஒரே வசனத்தில் முடித்தா: “வெள்ளிக்கிழமையில இந்த வீட்டில மச்சம் காய்ச்சிறல்ல, மருமகன்.” உரோமாபுரி திறந்துவிட்ட கதவை மாமி பூட்டிவிட்டா. கீரையும் பருப்பும் பூசணிக்காயும் என் முன்னால் வந்தன. நான் வெள்ளிக்கிழமைகளில் ஒழுங்கான கத்தோலிக்கனாக இருப்பது பிள்ளையாரின் தயவால்.

சட்டம் கேட்காத ஒன்றை நானாக விடுவதாகவும் நேர்ந்துகொள்வது உண்டு: வெற்றிலை. களுதாவளையில் இதைவிடப் பெரிய தியாகம் இல்லை. கொழுந்துக் கொடி வேலிக்கு அப்பாலேயே தளிர்க்கிறது. வெற்றிலை வட்டா எப்போதும் திண்ணையில்தான். விபூதிப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முதல்நாள் வரை எண்ணினால் 46 நாள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், நோன்புக் கணக்கில் சேராது. ஆகவே ஞாயிறு போடலாம். வழிபாட்டு முறைப்படி ஞாயிறு சனி மாலையே தொடங்கிவிடுகிறது. ஆகவே சனி மாலையும் போடலாம். சனி மாலை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதில்தான் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு. மதியச் சாப்பாடு முடிந்ததும் என்பது என் கட்சி. பங்குச் சுவாமியிடம் கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையை மட்டும் தவறவிடுவதில்லை. 14 நிலைகள், ஒவ்வொன்றிலும் முழங்கால். பங்குனி வெக்கையில் ஏழாம் நிலைக்குள் என் பக்தி உருகி, எண்ணிக்கைதான் மிஞ்சும். முன்வாங்கில் கிழவிகள் தளராமல் எழும்புவார்கள், இருப்பார்கள், பாடுவார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு தியானிப்பதுபோல் நிற்பேன். சில வெள்ளிகளில் மாமியும் என்னோடு வந்து, யூதாததேயுவுக்கு மெழுகுதிரி கொளுத்துவா. என்ன வேண்டுதல் என்று ஒருமுறை கேட்டேன். “ஏலாத காரியத்தையும் முடிச்சுத் தாறவராமே இவர்? உங்களுக்காகத்தான்” என்றா.

நோன்புக் கடமை 59 வயது நிறைந்ததும் தீர்ந்துவிடுகிறது. அந்தப் பிறந்தநாளை நான் ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறேன். இறைச்சி விலக்குக்கோ அப்படி ஓய்வு வயது கிடையாது; 14இல் தொடங்கினால் கடைசி மட்டும்தான். மாமியின் வெள்ளிக்கிழமைக்குத் தொடக்க வயதுகூட இல்லை, அதற்கு விலக்குக் கொடுக்கிற அதிகாரம் எந்த ஆயரிடமும் இல்லை.