அஞ்சு நிமிஷம்: இணையதள நிறுவலில் காலக்கணக்கு பற்றிய ஓர் ஆய்வு

இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவ ஐந்து நிமிடம் போதும் என்பது தொல்வழக்கு. மென்பொருளோடு வரும் ரீட்மீ கோப்பு இதைப் 'புகழ்பெற்ற ஐந்து நிமிட நிறுவல்' என்றே குறிக்கிறது. நிறுவும்போது வரும் திரையும் அதே சொற்களால் வரவேற்கிறது. கல்வெட்டிலும் ஏட்டிலும் ஒரே வாசகம் கிடைத்தால் அதை இடைச்செருகல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ஐந்து நிமிடம் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பது பற்றி மூலநூல் மௌனம் சாதிக்கிறது. உரையாசிரியர் ஒருவர் தேவைப்படும் இடம் இதுதான்.

ஆய்வுக்களம், நாச்சியார்கோயிலில் என் அத்தான் நடத்தும் பித்தளை விளக்குக் கடை. ஆய்வு எல்லை, மாத வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர். அதில் டெபியன் லினக்ஸ், கேட்பவருக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் அப்பாச்சி, பிஎச்பி, ஒரு தரவுத்தளம். முதன்மை ஆதாரங்கள், திரையில் தோன்றிய பிழைச் செய்திகள். துணைமை ஆதாரங்கள், அத்தானிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள். கருதுகோள்: ஐந்து நிமிடம் என்பது முழு உண்மை, மீதி நேரம் யார் கணக்கிலும் வராத நேரம்.

காலத்தை அளப்பதில் தமிழர் சளைத்தவர் அல்லர். தொல்காப்பியர் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைநொடிப்பாலும் அளந்தார். 24 நிமிடத்தை நாழிகை என்றோம். ஆயினும் இன்று பெருவழக்காக உள்ள 'அஞ்சு நிமிஷம்' என்ற அளவையை இலக்கண நூலார் யாரும் வரையறுக்கவில்லை. வீட்டில் துண்டைக் கட்டிக்கொண்டு பல் துலக்குகிறவர், "அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்" என்று போனில் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை என்பது என் துணிபு. தெருமுனை வந்து சேர்ந்த பிறகு ஆகும் நேரத்தைத்தான் அவர் சொல்கிறார். வேர்ட்பிரஸ்காரர்களும் தெருமுனையிலிருந்தே அளந்தார்கள்.

முன்னோடிகளைக் கூறாமல் ஆய்வேடு எதுவும் ஏற்கப்படுவதில்லை என்பதால் அதையும் முடித்துவிடுகிறேன். பி2 கேஃப்லாக் என்றொரு மென்பொருள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதைப் பிரித்தெடுத்து மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸின் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். பிஎச்பி, மைஎஸ்கியூஎல், அப்பாச்சி மூன்றும் 1995இல் வெளிவந்தவை; ஓராட்டைப் பிள்ளைகள். தரவுத்தளத்தைப் பற்றி மட்டும் ஓர் இலக்கியக் குறிப்பு அவசியமாகிறது. மைஎஸ்கியூஎல்லை உருவாக்கிய மைக்கேல் விடெனியஸ் தம் மூத்த மகள் 'மை'யின் பெயரை அதற்கு இட்டார். பிற்பாடு அதிலிருந்து கிளைத்ததற்கு இளைய மகள் பெயரால் மரியாடிபி என்று பெயர். பெண்பாற் பிள்ளைத்தமிழை ஓலையில் எழுதாமல் நிரலில் எழுதியவர் அவர் ஒருவரே. டெபியனில் அக்காவின் பெயரைச் சொல்லிக் கட்டளையிட்டால் தங்கை வந்து கதவைத் திறப்பாள். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை; குடும்பச் சாயல் அப்படி.

இனி முற்காலம். முற்காலம் என்பது 'ஐந்து நிமிடம்' தொடங்குவதற்கு முந்தைய யுகம்.

கடையின் பெயரில் இணைய முகவரி வாங்கியாயிற்று. அது இன்ன எண்ணுள்ள சர்வரைக் குறிக்கும் என்று பதிவும் செய்தாயிற்று. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் முறைப்படி, பழைய பதிலை எத்தனை நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு பதிவிலும் வினாடிக் கணக்கு எழுதியிருக்கும். 86400 என்றிருந்தால் ஒரு முழு நாள். அதுவரை ஒரே முகவரிக்கு இரண்டு உண்மைகள் உண்டு. என் மடிக்கணினியில் எங்கள் சர்வர் தெரிந்தது. அத்தானின் போனில், முகவரி விற்றவர் ஒட்டியிருந்த 'விரைவில்' அறிவிப்பே தெரிந்தது. இருவரும் சரியே. பேதவாதமும் அபேதவாதமும் பொருந்தி நின்ற இத்தகைய இடம் சமயச் சொற்பொழிவுகளில்கூட அரிது.

சர்வருக்குள் நுழையக் கடவுச்சொல் அடித்தால் திரையில் நட்சத்திரமும் விழாது, புள்ளியும் விழாது. விசைப்பலகை செத்துவிட்டதோ என்று ஐயுற்று மறுபடியும் அடிப்பவர்கள் உண்டு. இது லினக்ஸின் அடக்கம் என்க. உள்ளே சென்று பதிவேட்டைத் திறந்து பார்த்தால், 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்ற பெயர்களில் முன்பின் தெரியாதவர்கள் உலகெங்குமிருந்து 22ஆம் வாசலைத் தட்டிப் பார்த்திருப்பது தெரியும். கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டுவதற்குள் வந்துவிட்ட வாடிக்கையாளர்கள். அவர்களில் எவரும் விளக்கு கேட்கவில்லை.

அப்பாச்சியை நிறுவியதும் அது தன் பங்குக்கு ஒரு பக்கத்தைக் காட்டும். அதில் பெரிதாக எழுதியிருக்கும் வாசகம்: 'இட் ஒர்க்ஸ்!' அன்று மாலைதான் அத்தானின் போனுக்கும் உண்மை போய்ச் சேர்ந்திருந்தது.

"மாப்ள, வந்துடுச்சுப்பா! ஒர்க் ஆகுதுன்னு அதுவே சொல்லுது. அப்புறம் என்ன?"

"இல்லத்தான், அது வெறும் அப்பாச்சி. இன்னும் ஒண்ணுமே போடல."

"ஒண்ணும் போடாமயே ஒர்க் ஆகுதா?"

இக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தத்துவத் துறைக்கு அனுப்பிவைக்கிறேன்.

தரவுத்தளம் உருவாக்கி, அதற்கொரு பயனரை வைத்து, அவருக்கு உரிமை வழங்குவது மூன்று வரி வேலை. அந்த விவரங்களை 'கான்ஃபிக்' கோப்பில் எழுத வேண்டும். மாதிரிக் கோப்பில் 'பயனர் பெயர் இங்கே', 'கடவுச்சொல் இங்கே' என்று நடவுக்குக் குழி தோண்டியே வைத்திருக்கிறார்கள். எட்டு இடங்களில் 'உங்கள் தனித்த சொற்றொடரை இங்கே இடுக' என்றும் கேட்கிறார்கள். எட்டுக்கும் எழுத்துக் குப்பையைக் கொட்டினால் போதும், குப்பை எவ்வளவு குழம்பியிருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு. அதற்குக் கீழே, இத்தோடு நிறுத்துங்கள், இனித் திருத்த வேண்டாம் என்று ஒரு குறிப்பு வருகிறது. நூலாசிரியர் தாமே வாசகனின் கையைப் பிடித்துத் தடுக்கும் இவ்வுத்தி நன்னூல் சொல்லும் முப்பத்திரண்டில் எதில் அடங்கும் என்று புலவர்கள் கூறுவார்களாக.

இப்போது ஐந்து நிமிடம் தொடங்குகிறது.

தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல், ஒரு பொத்தான். தரவுத்தளத்தில் பன்னிரண்டு அட்டவணைகள் பிறக்கின்றன. அவற்றில் 'லிங்க்ஸ்' என்பது, 2012ஆம் ஆண்டின் 3.5 பதிப்பிலேயே திரைமறைவுக்குப் போன ஒரு வசதிக்கு உரியது. இன்றும் ஒவ்வொரு புதுத் தளத்திலும் காலியாகப் பிறந்து காலியாகவே கிடக்கிறது. தொல்லியலார் கவனிக்கலாம். 'வெற்றி!' என்று திரை சொல்லும்போது டம்ளரில் காபி இன்னும் சூடாகவே இருக்கிறது. ஆக மூலநூலின் கூற்று மெய்ப்பிக்கப்பட்டது. ஐந்துகூட ஆகவில்லை.

பிற்காலம்தான் நீண்டது.

ஒரு செருகுநிரலைச் சேர்க்கப் போனால், தளம், கோப்புகளை ஏற்றும் வழியான எஃப்டிபிக்குக் கடவுச்சொல் கேட்டது. அந்தச் சர்வரில் எஃப்டிபி என்பதே கிடையாது. இல்லாத கதவுக்குச் சாவி கேட்கும் இவ்விடத்தில் பலர் மனமுடைந்து எஃப்டிபியை நிறுவக் கிளம்பிவிடுவதாகத் தெரிகிறது. காரணம் வேறு. கோப்புகளைச் சர்வருக்குள் கொண்டுவந்து வைத்தது ரூட் என்னும் பயனர். பட்டா அவர் பேரில். அங்கே குடியிருந்து அன்றாடம் புழங்குவதோ அப்பாச்சி, டெபியனில் அதற்கு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்று பெயர். குடியிருப்பவர் ஒரு சுவர் எழுப்ப நினைத்தால் பட்டாதாரரின் கையெழுத்து வேண்டும்; அதைத்தான் வேர்ட்பிரஸ் சுற்றி வளைத்துக் கேட்கிறது. பெயர் மாற்ற ஒற்றை வரிக் கட்டளை போதும். ஆனால் தேடிப் போனால் முதலில் கிடைக்கும் அறிவுரை 777 என்பதாகவே இருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7; உரிமையாளர், குழு, ஊரார் மூவருக்கும் 7. அதாவது தெருவில் போகிறவரும் சுவர் எழுப்பலாம். அடைவுகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பதே சான்றோர் கொள்கை.

அடுத்து, முகப்புப் பக்கம் திறந்தது. உள்பக்கம் எதைத் தொட்டாலும் 'பக்கம் இல்லை' என்னும் 404. அழகான முகவரிகளுக்கான விதிகளை வேர்ட்பிரஸ் ஒரு கோப்பில் ஒழுங்காக எழுதி வைக்கிறது. அத்தகைய கோப்புகளைப் படிக்காதே என்று டெபியனின் அப்பாச்சிக்கு ஏற்கெனவே உத்தரவு உள்ளது. எழுதியவர் மீதும் குற்றமில்லை, படிக்காதவர் மீதும் குற்றமில்லை. என் கருதுகோள் வலுப்பெறுவது இங்கேதான். ஒவ்வொரு உறுப்பும் தன் வேலையைச் செவ்வனே செய்கிறது; நேரம் செலவாவது இரண்டு உறுப்புகளின் நடுவில் உள்ள வரப்பில். அதனால்தான் எந்தக் கையேடும் அதைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை.

பாதுகாப்புச் சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும், 90 நாளில் காலாவதி, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

படங்களுக்கு வருவோம். உச்சியில் அன்னம் வைத்த ஐந்தடி விளக்கை அத்தான் போனில் படம் எடுத்து ஏற்றப் பார்த்தார். அதிகபட்ச அளவு 2 எம்பி என்றது திரை. பிஎச்பி பிறவியிலேயே கொண்டுவரும் வரம்பு அது.

"விளக்கு கழட்டுற விளக்குதானே மாப்ள. அடி ஒரு படம், தண்டு ஒரு படம், அன்னம் ஒரு படம்னு தனித்தனியா ஏத்திட்டா?"

தர்க்கத்தில் பிழை காண இயலவில்லை. வரம்பை உயர்த்த 'பிஎச்பி.இனி' கோப்பைத் திருத்த வேண்டும். இங்கே பாடபேதச் சிக்கல். அதே பெயரில் இரண்டு சுவடிகள் உள்ளன. ஒன்று கட்டளைத் திரைக்கு, மற்றொன்று அப்பாச்சிக்கு. முன்னதைத் திருத்திவிட்டு, தளத்தில் ஏன் மாற்றமில்லை என்று சர்வரைத் திட்டுவோர் பரம்பரை பெரிது. பின்னதைத் திருத்தி, அப்பாச்சியை ஒருமுறை எழுப்பிவிட்டால் அன்னம் முழு உருவில் ஏறும்.

இறுதியாக, தமிழாய்வுக்கே உரிய கண்டுபிடிப்பு ஒன்று. அத்தான் முதல் பக்கத்துக்கு 'நாச்சியார்கோயில் குத்துவிளக்கு' என்று தலைப்பிட்டார். தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானே முகவரி செய்துகொள்ளும். அதற்குத் தரவுத்தளத்தில் ஒதுக்கிய இடம் 200. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓரிடம் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு மூன்று இடத்தில் எழுதுவார்கள். ஆக ஒன்பது இடம். நம் இலக்கணத்தில் 'க'வுக்கு ஒரு மாத்திரை, புள்ளி வைத்த 'க்'குக்கு அரை. யூனிகோடிலோ 'க' ஒரு குறி, புள்ளி இன்னொரு குறி. 'க'வுக்கு ஒன்பது, 'க்'குக்குப் பதினெட்டு. தொல்காப்பியர் பாதியாக்கியதைக் கணினி இரட்டிப்பாக்குகிறது. எட்டு எழுத்துள்ள நாச்சியார்கோயில் 144 இடத்தை விழுங்கியது. இடைக்கோடு ஒன்று. மிச்சமிருந்த 55இல் மூன்று எழுத்து ஏறி, வண்டி 199இல் நின்றுவிட்டது. அத்தானின் கடைக்குக் கிடைத்த முகவரி: நாச்சியார்கோயில்-குத்து.

"அப்பா, இது ஏதோ கானாப் பாட்டு மாதிரி இருக்கு" என்றான் அக்கா மகன். கடை முழுக்க விளக்கு இருக்க, முகவரியில் மட்டும் விளக்கு விழுந்துவிட்டதில் அத்தானுக்கு வருத்தம். முகவரியைக் கையால் சுருக்கிக்கொள்ளலாம் என்று காட்டிக் கொடுத்தேன். அவர் 'விளக்கு' என்று மட்டும் வைத்தார். 63 இடம், பிரச்சினை தீர்ந்தது. பழகிய கையோடு மற்றப் பக்கங்களுக்கும் அதையே அடித்தார். ஒரே பெயர் மறுபடி வந்தால் வேர்ட்பிரஸ் பின்னால் எண் சேர்த்துவிடும். காமாட்சி விளக்கு 'விளக்கு-2' ஆயிற்று, பாவை விளக்கு 'விளக்கு-3', தூண்டாமணி விளக்கு 'விளக்கு-4'. இப்போது கடைக்கு வருகிறவர் பாவை விளக்கு கேட்டால், அத்தான் உள்பக்கம் திரும்பிப் பையனிடம், "தம்பி, மூணாம் நம்பர எடுத்துட்டு வா" என்கிறார்.